அளப்பது மண்டையோட்டை, கவலை மூளையைப் பற்றி
வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தவற்றை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறேன். வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளை சரியாக வளர்கிறதா என்று ஸ்கேனை வைத்து எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் எல்லோருக்கும் சந்தேகம்.

எனக்கு இப்போது 32 வாரம். நேற்று எடுத்த ஸ்கேனில் தலையின் அகலமான பி.பி.டி. 30 வாரம் என்று போட்டிருக்கிறார்கள். தலைச் சுற்றளவு 31 வாரம் 4 நாள். குழந்தையின் தலை மேலே, கால் கீழே இருக்கிறதாம். மூளை வளர்ச்சி இரண்டு வாரம் குறைவா டாக்டர்? ராத்திரி தூக்கமே இல்லை.
– தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கும் வாசகி

நீங்கள் எழுதியிருக்கும் எண்களை வைத்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. முதலில் தூங்குங்கள். ரிப்போர்ட்டில் 30 வாரம் என்று இருப்பதை ‘மூளைக்கு 30 வார வயதுதான்’ என்று படித்துவிட்டீர்கள். மெஷின் சொல்வது அதுவல்ல, ‘இவ்வளவு அகலமான தலை சராசரியாக 30 வாரத்தில் இருக்கும்’ என்பது மட்டும்தான். வெளியே நடமாடும் நமக்கே ஆளுக்கொரு செருப்பு சைஸ், உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் தலை ஒரே அளவாக இருந்துவிடுமா?

பி.பி.டி. என்பது ஒரு பக்கக் காதுக்கு மேலே இருக்கும் எலும்பிலிருந்து மறு பக்க எலும்பு வரை உள்ள அகலம். எங்கே வேண்டுமானாலும் கோடு போட்டு அளந்துவிட முடியாது. மூளையை நடுவில் பிரிக்கும் கோடு தெரிய வேண்டும், அதன் இரு பக்கமும் மூளையின் உட்பகுதியான தாலமஸ் தெரிய வேண்டும், முன்பக்கம் ‘கேவம்’ என்று நாங்கள் சொல்லும் பெட்டி மாதிரியான சின்னக் குழி தெரிய வேண்டும், சிறுமூளை அந்தப் படத்தில் வரக்கூடாது. இத்தனையும் அமைந்த தளத்தில் அளந்தால்தான் கணக்கு. சில அட்டவணைகள் இந்தப் பக்க எலும்பின் வெளி ஓரத்திலிருந்து அந்தப் பக்க எலும்பின் உள் ஓரம் வரை அளக்கச் சொல்லும், சில வெளியிலிருந்து வெளி வரை. ஒன்றின்படி அளந்து இன்னொன்றோடு ஒப்பிட்டால் எலும்பின் தடிமன் அளவுக்குக் குழந்தை சும்மாவே ‘சிறுத்து’ அல்லது ‘பெருத்து’ விடும்.

அப்புறம், உங்கள் குழந்தை தலை மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அப்படி இருக்கும் குழந்தைகளுக்குத் தலை பக்கவாட்டில் ஒடுங்கி முன்பின்னாக நீண்டிருப்பது சாதாரணம். நீள பலூனைப் பக்கவாட்டில் அழுத்தினால் அகலம் குறையும், ஆனால் உள்ளே இருக்கும் காற்று எங்கேயும் போய்விடாது, இல்லையா? அதனால்தான் தலையின் வடிவம் மாறும்போது பி.பி.டி.யை விட்டுவிட்டுச் சுற்றளவைப் பார்க்கிறோம். உங்களுடையது 31 வாரம் 4 நாள், அதாவது மூன்று நாள் வித்தியாசம். அது ஒரு வித்தியாசமே இல்லை. 28 வாரத்துக்குப் பிறகு ஸ்கேன் அளவை வைத்து வயது சொன்னால் மூன்று வாரம் வரைகூட முன்பின்னாகப் போகலாம். முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் நீளத்தை அளந்து குறித்த தேதிதான் உங்கள் தேதி, அதை இப்போது யாரும் மாற்றக்கூடாது.

எப்போது உண்மையிலேயே யோசிப்போம் என்றால், சுற்றளவு சராசரியிலிருந்து 3 திட்ட விலக்கத்துக்கும் கீழே போகும்போது. (குழந்தைகளின் அளவுகள் சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகியிருக்கும் என்பதற்கான கணக்குதான் திட்ட விலக்கம்.) 2 திட்ட விலக்கத்துக்குக் கீழே என்றால் மறுபடி அளந்து கவனிப்போம். ஆனால் கணக்குப்படியே 100 ஆரோக்கியமான குழந்தைகளில் ஏறக்குறைய இரண்டு பேர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருப்பார்கள், அவர்களில் பலருக்கு அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சின்னத் தலையாக இருக்கும். டேப்பை எடுத்துப் பெற்றோர் தலையை அளப்பது இந்த விஷயத்தில் செலவில்லாத நல்ல பரிசோதனை.

தலை பெரிதாக இருந்தால் குழந்தை புத்திசாலியாக இருக்கும் என்கிறார் என் மாமியார். உண்மையா?

இல்லை. தொப்பி வாங்கும்போது மட்டும் உதவும் தகவல் அது.

வாரா வாரம் ஸ்கேன் எடுத்து மூளை வளர்ச்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நிம்மதியாக இருக்குமே, ஏன் மறுக்கிறார்கள்?

நிம்மதி போவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. 20 வாரத்தில் தலைச் சுற்றளவு சுமார் 17 செ.மீ., பிரசவ நேரத்தில் சுமார் 34 செ.மீ. நடுவில் வாரத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. கூடும், கடைசி மாதத்தில் அதில் பாதிதான். இப்போது எங்கள் பக்கம் பாருங்கள். ஒரே குழந்தையை இரண்டு பேர் அளந்தால் சில மி.மீ. வித்தியாசம் வரும், ஒரே ஆள் பத்து நிமிடம் கழித்து அளந்தாலும் வரும், குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் இன்னும் வரும். வளர்ச்சி 5 மி.மீ., பிழையும் அதே அளவு என்றால் என்னத்தைப் படிப்பது? இந்த வாரம் வளரவே இல்லை என்று தோன்றும், அடுத்த வாரம் இரட்டிப்பாக வளர்ந்தது மாதிரி தோன்றும். அதனால்தான் குறைந்தது இரண்டு வாரமாவது இடைவெளி விடச் சொல்கிறோம். வளர்ச்சி என்பது இரண்டு அளவுகளுக்கு நடுவே இருக்கும் தூரம், ஒரே ஒரு ஸ்கேனில் வளர்ச்சியே கிடையாது, அளவு மட்டும்தான் உண்டு. இதை எங்கள் ரிப்போர்ட்டுகளிலேயே தெளிவாக எழுதாதது எங்கள் தவறு.

22 வாரத்தில் மூளைக்குள் ‘வென்ட்ரிக்கிள் 10.5’ என்று வந்திருக்கிறது. மூளையில் நீர் கோத்திருக்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டார். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம் என்று எழுதிய தாய்

அப்படிச் சொன்னவர் கொஞ்சம் நிதானித்திருக்கலாம். மூளைக்குள் திரவம் இருக்கும் அறைகள் எல்லோருக்கும் உண்டு, அவைதான் வென்ட்ரிக்கிள். இவற்றில் ஒரு வேடிக்கை, தலை வளர்கிறது, மூளை வளர்கிறது, ஆனால் பக்கவாட்டு அறையின் பின்பகுதி அகலம் மட்டும் 14 வாரத்திலிருந்து பிரசவம் வரை ஏறக்குறைய அப்படியே இருக்கும், சராசரியாக 7 அல்லது 8 மி.மீ. அதனால்தான் எந்த வாரமானாலும் 10 மி.மீ. என்று ஒரே எல்லை வைத்திருக்கிறார்கள். 10 முதல் 12 வரை லேசானது, 15க்கு மேல் போனால் தீவிரமானது. கோட்டைக் கொஞ்சம் சாய்த்து அளந்தாலே 9.6 என்பது 10.5 ஆகிவிடும். ஆண் குழந்தைகளுக்கு இது சற்று அதிகமாகவே இருக்கும்.

சரி, அளவு உண்மை என்றே வைத்துக்கொள்வோம். வேறு எந்தக் குறையும் இல்லாமல் இது மட்டும் லேசாகக் கூடியிருந்தால் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இயல்பாகவே வளர்கிறார்கள். ‘வேறு எந்தக் குறையும் இல்லாமல்’ என்பதை உறுதி செய்யத்தான் மற்ற பரிசோதனைகள். சைட்டோமெகலோ வைரஸ், டாக்சோபிளாஸ்மா மாதிரியான தொற்று இருக்கிறதா, குரோமோசோம் சரியா, இரண்டு பக்க மூளையையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் முழுதாக உருவாகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

எம்.ஆர்.ஐ. அங்கேதான் வருகிறது. அல்ட்ராசவுண்டுக்கு மண்டையோடு ஒரு தடைச்சுவர், வாரம் கூடக் கூட எலும்பு கெட்டியாகி, குறிப்பாக ஸ்கேன் கருவிக்குப் பக்கத்தில் இருக்கும் பாதி மூளை மங்கிப் போகும். எம்.ஆர்.ஐ.க்கு எலும்பு ஒரு பொருட்டில்லை. பிரிட்டனில் 570 கருக்களை வைத்துச் செய்த ‘மெரிடியன்’ ஆய்வு 2017இல் வெளிவந்தது. மூளையில் கோளாறு இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட அந்தக் கருக்களில் அல்ட்ராசவுண்ட் மட்டும் வைத்துச் சொன்னது 68 சதவீதம் சரி, எம்.ஆர்.ஐ.யும் சேர்ந்தபோது 93 சதவீதம் சரி. அதற்காக எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. என்று ஓட வேண்டாம், அது சந்தேகம் வந்த இடத்தில் கேட்க வேண்டிய இரண்டாவது கருத்து.

பயப்பட என்ன இருக்கிறது என்றால் சத்தம்தான். எக்ஸ்-ரே கதிர் இதில் கிடையாது, படம் தெளிவாகத் தெரியப் போடும் கெடோலினியம் ஊசியும் கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகப் போடுவதில்லை. அசையாமல் படுக்க வேண்டியது நீங்கள் மட்டும், குழந்தைக்கு யார் சொல்வது? அதனால் ஒவ்வொரு வெட்டுப் படத்தையும் ஒரு வினாடியோ அதற்கும் குறைவாகவோ எடுத்துவிடுவார்கள். மூன்று திசைகளில் அப்படி எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு, நடுவில் குழந்தை உருண்டதையெல்லாம் சரிசெய்து, ஒரே முப்பரிமாண மூளையாகக் கோர்க்க இப்போது வழி இருக்கிறது. அப்போதுதான் எலும்பை விட்டுவிட்டு மூளையின் கன அளவையே மில்லி லிட்டரில் அளக்க முடிகிறது, மூளையின் மேலடுக்கான புறணி எவ்வளவு, சிறுமூளை எவ்வளவு, திரவம் எவ்வளவு என்று தனித்தனியாக. இன்னும் இது பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடங்களில்தான் நடக்கிறது.

எனக்கு அதைவிடப் பிடித்தது மடிப்புகள். 20 வாரத்தில் மூளையின் மேற்பரப்பு கிட்டத்தட்ட வழவழப்பாக இருக்கும், பக்கவாட்டில் ஒரு பள்ளம் தெரியத் தொடங்கியிருக்கும், அவ்வளவுதான். மற்ற முக்கியப் பள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, பிறக்கும்போது வால்நட் பருப்பு மாதிரி சுருண்டிருக்கும். எந்த வாரம் எந்தப் பள்ளம் என்பது ஓரளவு கறாரான அட்டவணை, எந்தச் சுற்றளவையும்விட மூளையின் பக்குவத்தை நன்றாகக் காட்டுவது அதுதான். 22 வாரத்தில் எடுத்தால் அந்த மடிப்புகளைப் பார்க்க முடியாது, அதனால் உங்கள் மருத்துவர் 30 வாரம் வாக்கில் இன்னொரு முறை எடுக்கலாம் என்று சொன்னால் நிலைமை மோசமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

குழந்தையின் வயிற்று அளவு குறைவு, தலை மட்டும் சரியாக இருக்கிறது என்கிறார்கள். தலை சரி என்றால் கவலை இல்லைதானே?

இதில் மட்டும் நான் ஆறுதல் சொல்லப் போவதில்லை. நஞ்சுக்கொடி போதுமான அளவு கொடுக்காதபோது குழந்தையின் உடம்பு இருக்கும் ரத்தத்தில் பெரும்பங்கை மூளைக்குத் திருப்பிவிடும், மற்ற உறுப்புகள் காத்திருக்கும். அதனால் தலை நன்றாகவும் வயிறு ஒட்டியும் தெரியும். அது மூளைக்குப் பஞ்சம் வராமல் தடுக்க உடம்பு எடுத்த அவசர நடவடிக்கை, எல்லாம் நலம் என்பதற்கான சான்று அல்ல. மூளையின் நடு ரத்தக்குழாயிலும் தொப்புள்கொடியிலும் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் அடுத்த செக்கப் வரை தள்ளிப்போடாமல் போய்ப் பாருங்கள், அசைவு குறைந்தால் அன்றைக்கே.