என் மனுவின் நகல் டீக்கடை மேசையில் இருந்தது

அரசியல் செல்வாக்கு உள்ளவர்கள் கூட்டுச் சேர்ந்து அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவதை நேரில் பார்த்ததுண்டா, அது எப்படித்தான் நடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர்க் குளத்தில்.

தாமிரபரணிப் பாசனத்துக் குளம் அது. கோடையில் வற்றியதும் கரம்பை, அதாவது குளத்து வண்டல் மண், வெட்டி வயலுக்கு அடிப்பது தாத்தா காலத்து வழக்கம். விவசாயிகள் குளத்து வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2017இல் அரசு விதியை எளிதாக்கியது. நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. நல்ல திட்டம்தான், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் எங்கள் குளத்துக் கரம்பை போனது செங்கல் சூளைக்கு. இரவு பத்து மணிக்கு மேல் ஜேசிபி இறங்கும், விடியும் வரை டிப்பர் ஓடும். மடைக்குப் பக்கத்திலேயே ஓர் ஆள் ஆழத்துக்குத் தோண்டிவிட்டார்கள். மடையை விடத் தரை தாழ்ந்துவிட்டால், குளத்தில் தண்ணீர் கிடந்தாலும் வயலுக்குப் பாயாது. பிசானப் பருவ நெற்பயிர் கதிர் வாங்குகிற நேரத்தில் அந்தக் கடைசித் தண்ணீர்தான் உயிர்.

ஜேசிபி ஒரு கட்சிக்காரருடையது. டிப்பர்கள் அதற்கு எதிர்க்கட்சிக்காரருடையவை. தேர்தல் நேரத்தில் மேடை போட்டு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டவர்கள். குளத்தில் இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு.

நான் ஒரு திங்கட்கிழமை திருநெல்வேலி கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுக்கப் போனேன். வாசலில் ஒரு பெண் போலீஸ் என் பையைத் திறந்து, தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கழற்றி மோந்து பார்த்தார். கோபம் வரவில்லை, மனசு கனத்துவிட்டது. 2017 அக்டோபர் 23, அதுவும் ஒரு திங்கட்கிழமைதான். காசிதர்மத்திலிருந்து வந்த கூலித் தொழிலாளி கந்துவட்டிக் கொடுமை தாங்காமல், மனைவியோடும் இரண்டு பச்சைப் பிள்ளைகளோடும் அந்த வளாகத்தில்தான் தீ வைத்துக்கொண்டார். பலமுறை மனு கொடுத்துப் பார்த்தவர்கள். நான்கு பேரும் பிழைக்கவில்லை. கந்துவட்டிக்கு எதிராக 2003இலேயே சட்டம் வந்துவிட்டது. அப்படியிருந்தும் அந்த மனுக்கள் எந்த வழியாகப் போய் எங்கே நின்றன என்று அன்றைக்கு வரிசையில் நின்றபடி யோசித்தேன்.

மூன்றாம் நாளே விடை தெரிந்தது. டீக்கடையில் அந்த ஜேசிபிக்காரர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் கண்ணாடி டம்ளருக்கு அடியில் என் மனுவின் நகல். என் கையெழுத்து, என் செல் நம்பர், மேலே வரிசை எண் முத்திரை. டம்ளரின் ஈரம் பட்டு ஊர்ப் பெயர் எழுதிய இடம் ஊதா நிறத்தில் கலைந்திருந்தது.

“என்னடே தம்பி, இதுக்குப் போய் திருநெல்வேலி வரைக்கும் அலையுத? எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா. பொம்பளப் பிள்ளய வச்சிருக்க, பாத்து இருந்துக்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டீக்குக் காசும் அவரே கொடுத்தார்.

உங்கள் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய பதில் இந்த இடம்தான். யாரும் ரகசியமாகக் கூடிப் பேசத் தேவையில்லை. மனு மேலே கொடுக்கப்படுகிறது. அங்கிருந்து ஒவ்வொரு மேசையாகக் கீழே இறங்கி, யாருடைய கண் எதிரில் தவறு நடந்ததோ அதே ஆளிடம் அறிக்கை கேட்டு வருகிறது. அந்த வழியில் ஏதோ ஒரு மேசை நகல் எடுத்துக் கொடுத்துவிடுகிறது. எனக்கு ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது: “புகாரில் உண்மை இல்லை எனத் தெரியவருகிறது.” குளத்தை யாரும் வந்து பார்க்கவே இல்லை.

எல்லா அதிகாரிகளும் அப்படி என்று நான் சொல்ல மாட்டேன். முறப்பநாடு கோவில்பத்து வி.ஏ.ஓ. லூர்து பிரான்சிஸ் மணல் கடத்தலைப் பற்றிப் போலீசில் புகார் கொடுத்தவர். 2023 ஏப்ரல் 25, பட்டப்பகலில் அவருடைய அலுவலகத்திலேயே வெட்டிக் கொன்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் இரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, சரி. ஆனால் அதைப் பார்த்த பிறகு பக்கத்து ஊர் வி.ஏ.ஓ. இரவு டிப்பரை மறிக்க எழுந்து போவாரா? அவர் வாய்மூடி இருப்பதை நான் நியாயப்படுத்தவில்லை, பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது.

அப்புறம் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன்: யார் யார் பெயரில் வண்டல் அனுமதி, மண் ஏற்றிப்போக எத்தனை நடைச்சீட்டு? முப்பது நாளில் தர வேண்டும் என்பது சட்டம். முதல் மேல்முறையீடு போட்ட பிறகுதான் பட்டியல் வந்தது. அதில் என் பெரியம்மா பெயர் இருந்தது. அவளுக்கு இருப்பது நாற்பது சென்ட். ஒரு ஏக்கர் என்று காட்டி 75 கன மீட்டர் எடுத்ததாகக் கணக்கு. ஒரு கூடைக் கரம்பைகூட அவள் வயலில் விழவில்லை. காகிதத்தைக் காட்டியதும், “உதவித்தொகைக்குன்னுதானல சிட்டா நகலும் கைநாட்டும் வாங்கிட்டுப் போனாவ” என்றாள். தன் பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

பட்டியல் ஊருக்குள் போனதும் ஜேசிபி வருவது நின்றது. வழக்கு எதுவும் இல்லை. பள்ளம் அப்படியே கிடக்கிறது. இந்தப் பிசானத்துக்குப் பெரியம்மா வாடகை இன்ஜின் வைத்துத்தான் பள்ளத்திலிருந்து தண்ணீர் இறைத்தாள்.

தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு எதிராக, எண்பது வயதைத் தாண்டிய கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு ஐயா 2010இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தானே நின்று வாதாடித் தடை வாங்கினார். அவ்வளவு வலு எங்களுக்கு இல்லை. பட்டியலில் இருந்த இருபத்து மூன்று பேரில் பத்தொன்பது பேர், தங்கள் பெயரில் மண் எடுக்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வரும் திங்கட்கிழமை எல்லோருமாக வேன் பிடித்துப் போகிறோம். பெரியம்மாவும் வருகிறாள்.