வீமனை யார் ஆடினார்?

கேள்வி: எனக்கு 46 வயது. கல்முனையில் ஒரு நிதி நிறுவனத்தில் கிளை முகாமையாளர். மனைவி ஆசிரியை. ஒரே மகள் உயர்தரம் படிக்கிறாள். எனது ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை. சின்ன வயதிலிருந்தே கூத்துப் பைத்தியம். 2003 இல் ஊரில் வடமோடி வகைக் கூத்து ஒன்று பழகினோம். எனக்கு வீமன் வேடம். அடுக்குப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கொழும்பில் வேலை கிடைத்ததால் ஆட முடியாமல் போயிற்று. 50 வயதில் வேலையை விட்டு இரண்டு வருடம் ஒதுங்கி, கூத்தை முறையாகப் பழகி, ஊரில் ஒரு முறையாவது களரி (கூத்து மேடை) ஏற வேண்டும் என்பது என் கனவு. 2018 இல் 15 இலட்சம் போதும் என்று சேமிக்கத் தொடங்கினேன். இப்போது இலக்கு 40 இலட்சம். மாதம் 40,000 போடுகிறேன், 17 இலட்சம் சேர்ந்திருக்கிறது. எங்களுக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியாருக்கு 78 வயது. வருசா வருசம் திருவிழாவுக்கு அக்கா வீட்டுக்குப் போனாலும் அவர் வீட்டுப் பக்கம் போகக் கிடைப்பதில்லை. மனைவிக்கு ஆட்சேபனை இல்லை. விபுலாநந்த அடிகளும் பதவியை உதறியவர்தானே? என் திட்டம் சரியா? பணத்தை எப்படிப் போட்டு வைப்பது?

— வாசகர், கல்முனை

பதில்: தம்பி, இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிது இல்லை. ஒருவருக்கு வீணை, ஒருவருக்குத் தோட்டம், இன்னொருவருக்குப் பாதியில் விட்ட பட்டப்படிப்பு. எல்லாரும் தொகையையும் வயதையும் கணக்காக எழுதுகிறார்கள். நடுவில் ஏதோ ஒரு வரியை மட்டும் கால் சுட்டவர் போலத் தாண்டிப் போவார்கள். நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். உங்கள் கடிதத்தில் அது, "ஆட முடியாமல் போயிற்று."

என்ன, மழை வந்ததா? கால் முறிந்ததா? ஒன்றும் இல்லை. நீங்கள் போனீர்கள்.

அடுக்குப் பார்க்கிற கட்டம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். சட்டம் (அவரவர் பாட்டுப் பிரதி) கொடுத்து, மாதக்கணக்கில் ஆட்டம் பழகி, கிழமைக் கூத்து ஆடி, அதற்குப் பிறகு வருவது அடுக்கு, கடைசி ஒத்திகை. அடுத்தது அரங்கேற்றம்தான். அந்த நேரத்தில் ஒரு கூத்தர் விலகினால் அவருடைய ஆட்டம் மட்டும் போவதில்லை. அவரோடு எதிர்த்து ஆடுகிறவனின் தரு (பாட்டு) நிற்கும், பிற்பாட்டுக்காரர் தடுமாறுவார்கள், அண்ணாவியார் புதிதாக ஒருவனைப் பிடித்து முதல் தாளக்கட்டிலிருந்து தொடங்க வேண்டும். அதுவும் வீமன்!

எந்த வருசம் என்பதையும் பாருங்கள். 2003, போர்நிறுத்தம் இருந்த சமாதான காலம். அதற்கு முந்திய வருசங்களில் பொழுதுபட்டால் வாசலில் நிற்கவே பயந்த ஊர்கள் அவை. விடிய விடிய ஆடுகிற கூத்தை யார் நினைத்தார்கள்? ஒரு ஊர் துணிந்து மத்தளத்தைத் தட்டித் துடைத்து எடுத்த நேரத்தில் வீமன் கொழும்பு பஸ் ஏறிவிட்டார்.

வேலைக்குப் போனதைக் குறை சொல்ல மாட்டேன். 24 வயது, வீட்டில் எத்தனை தேவை இருந்ததோ, போகத்தான் வேண்டும். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. அண்ணாவியாரிடம் சொல்லிவிட்டுப் போனீர்களா? கடிதத்தில் அது இல்லை. ஆனால் பதில் இருக்கிறது. வருசா வருசம் ஊருக்குப் போய், சாமி கும்பிட்டு, அக்கா வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, அவர் வீட்டு ஒழுங்கையைச் சுற்றிக்கொண்டு திரும்புகிறீர்கள். சொல்லிவிட்டுப் போனவருக்கு அந்த ஒழுங்கைக்குள் போக 22 வருசம் தேவைப்படாது.

இப்போது அந்த 40 இலட்சத்துக்கு வருவோம். 15 இலட்சம் போதும் என்றீர்கள், அது சேர்ந்துவிட்டது. போகவில்லை. விலைவாசி காரணம் என்பது பொய் இல்லை. 2022 செப்டெம்பரில் ஒரு வருசத்துக்குள் விலைகள் கிட்டத்தட்ட 70 வீதம் ஏறி நின்றதை நானும் பார்த்தவள்தான். ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம். 40 சேர்ந்தால் 60 என்பீர்கள். கை நிறையப் பணத்தோடு போய் நின்று, "அரங்கேற்றச் செலவு முழுக்க என்னுடையது ஐயா" என்று சொல்லிவிட்டால் பழசைப் பேச வேண்டி வராது என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. இருபது வருசமாக வட்டி பார்த்த மூளை, ஒரு மனிதரிடம் பட்ட கடனையும் காசாலேயே தீர்க்கப் பார்க்கிறது.

இன்னொன்று. படுவான்கரையில் வேலையை விட்டுவிட்டுக் கூத்தாடியவர் யார்? மாரி வெள்ளாமை வெட்டி, சூடு அடித்து, நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, பகல் முழுக்கப் பாடுபட்ட உடம்போடு இரவில் வந்து பழகினவர்கள்தான் கூத்தர்கள். உங்கள் அண்ணாவியாரும் வயலோ மேசன் வேலையோ ஏதோ ஒன்று செய்துகொண்டுதான் உங்களுக்கு ஆட்டம் பழக்கியிருப்பார். அவர் யாரிடம் இரண்டு வருட லீவு கேட்டார்?

விபுலாநந்தரை நடுவில் இழுக்காதீர்கள். அவர் பிறந்த காரைதீவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அவர் பெயரைத் தப்பாகச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர் அதிபர் பதவியை விட்டது துறவுக்கு. மனைவி இல்லை, உயர்தரம் படிக்கிற மகள் இல்லை. அப்புறமும் அவர் ஓய்ந்து இருக்கவில்லை. 1947 ஜூனில், பழந்தமிழ் யாழைப் பற்றி அவர் எழுதிய யாழ் நூல் அரங்கேறியபோது அவர் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர். அடுத்த மாதமே காலமானார். பல வருச ஆராய்ச்சியை வேலையோடு வேலையாகச் செய்த மனிதரை, வேலையை விடுவதற்குச் சாட்சியாகக் கூப்பிடுகிறீர்கள்.

மனைவியைப் பற்றி மூன்றே சொல். "மனைவிக்கு ஆட்சேபனை இல்லை." அது கந்தோர்க் கடிதத்தில் எழுதுகிற வசனம் தம்பி. நம்முடைய வழக்கப்படி நீங்கள் இருப்பது அவவின் சீதன வீடாகத்தான் இருக்கும். இரண்டு வருடம் வீட்டுக்கு மாதா மாதம் வரப்போகிற சம்பளமும் அவவுடையதுதான். மகள் பல்கலைக்கழகம் போகிற வயதும் சரியாக அந்த இரண்டு வருசத்தில்தான் வருகிறது. மகளுக்கு ஒரு வீடு என்ற பேச்சும் பின்னாலேயே வரும். பெண் பிள்ளைக்கு வீடு கொடுப்பது தாய் தகப்பனின் கடமை என்று நினைக்கிறவள் நான். இதற்காக இளம் வாசகிகள் என்னை ஏசி எழுதுவார்கள், எழுதட்டும். இதையெல்லாம் மனைவியோடு உட்கார்ந்து பேசினீர்களா, இல்லை, சோறு போடுகிற நேரத்தில் சொல்லி அவ தலையாட்டியதை ஆட்சேபனை இல்லை என்று எழுதினீர்களா?

பணக் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில். சேமிப்பை விடாதீர்கள், ஆனால் அதை மகளின் கணக்காக நினையுங்கள். நிலையான வைப்பு போதும். நீங்கள் வேலை செய்கிற நிறுவனத்திலேயே முழுவதையும் போடாதீர்கள், சம்பளமும் சேமிப்பும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கக் கூடாது. 50 இல் வேலையை விட்டால் ஊழியர் சேமலாப நிதி ஆண்களுக்கு 55 வரை கைக்கு வராது. இடையில் 30 வீதம் எடுக்கிற வழி வீட்டுக்கும் வைத்தியத்துக்கும்தான், கூத்துக்கு இல்லை. 52 வயதில் திரும்பிப் போனால் உங்கள் நாற்காலியில் முப்பது வயதுப் பிள்ளை ஒன்று இருக்கும். வேலையை விட வேண்டாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போங்கள். திருவிழா வரை காத்திருக்க வேண்டாம். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு, முடிந்தால் மனைவியையும் கூட்டிக்கொண்டு, நேரே அந்த ஒழுங்கைக்குள் போங்கள். 40 இலட்சத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. "சொல்லாமல் போனது பிழை ஐயா" என்று சொல்லுங்கள். அவர் ஏசினால் கேட்டுக்கொண்டு நில்லுங்கள். ஏசாமல் தேத்தண்ணி போடச் சொன்னால் அது இன்னும் கஷ்டமாக இருக்கும், அதையும் குடியுங்கள். ஊரில் பிள்ளைகள் யாராவது பழகுகிறார்கள் என்றால், சல்லரித் தாளம் போடவோ பிற்பாட்டுப் பாடவோ ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். சனி இரவில் போய் ஞாயிறு திரும்பி வர எந்த நிறுவனத்திடமும் லீவு கேட்கத் தேவையில்லை. வீமன் வேடத்தைக் கேட்காதீர்கள்.

ஒன்று மட்டும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் கூத்து அரங்கேறியதா, உங்களுக்குப் பதிலாக வீமனை யார் ஆடினார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. இத்தனை வருசத்தில் நீங்கள் அதை விசாரிக்கவே இல்லை என்று நினைக்கிறேன்.