அமெரிக்க போனில் ஜியோ மந்தமாக இருப்பது ஏன்?

அமெரிக்காவிலிருந்து வந்த போனில் சிக்னல் கட்டம் முழுசாக இருந்தும் ஜியோ நெட் ஊர்கிறது, அதே சிம் மனைவியின் போனில் பறக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் சிம் மேல் பழியில்லை. உங்கள் போனில் பேண்ட் 40 என்ற அலைவரிசை இல்லையோ என்று சந்தேகம்.

ஜியோ 4ஜி ஓடுவது 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸில். அதாவது பேண்ட் 5, 3, 40. இதில் 850 சுவர் தாண்டி வீட்டுக்குள் வரும், அதனால்தான் கட்டம் முழுசாகத் தெரிகிறது. ஆனால் அது ஒற்றையடிப் பாதை, கூட்டம் கூடினால் நெரிசல்தான். நிறைய இடம் இருப்பது 2300-இல். அமெரிக்காவுக்கென்றே விற்கும் சில மாடல்களில் அது கிடையாது.

செட்டிங்ஸில் மாடல் எண்ணை எடுத்து, தயாரிப்பாளரின் தளத்தில் எல்டிஇ (அதாவது 4ஜி) பேண்ட் பட்டியலில் 40 இருக்கிறதா பாருங்கள். மாடல் பெயர் மட்டும் போதாது, நாட்டுக்கு நாடு மாறும். 40 இல்லையென்றால், ஏபிஎன் (நெட் இணைப்புக்கான செட்டிங்) மாற்றுவது, ரீசெட் அடிப்பது எல்லாம் வீண் வேலை.