கன்னத்தில் அடி, மேலுதட்டில் மரத்துப்போன உணர்வு

கேள்வி: ஒன்பது நாளைக்கு முன் பைக்கிலிருந்து விழுந்ததில் இடது கன்னத்தில் பலத்த அடி. அன்று எக்ஸ்ரே பார்த்து முறிவு இல்லை என்றார்கள். வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் இடப்பக்க மேலுதடும் மூக்கோரமும் மரத்தே கிடக்கின்றன. ஷேவ் செய்யும்போது பிளேடு படுவதே தெரியவில்லை. வாயும் முழுதாகத் திறக்க வரவில்லை. நரம்பு செத்துவிட்டதா?

பதில்: நரம்பு அப்படிச் சுலபமாகச் சாவதில்லை. எனக்குக் கன்ன எலும்பின் மேல்தான் சந்தேகம்.

கண்குழியின் கீழ்விளிம்பை விரலால் தடவுங்கள். விளிம்பின் நடுவிலிருந்து ஒரு சென்டிமீட்டர் கீழே, மேல்தாடை எலும்பில் ஒரு சின்னத் துவாரம் உண்டு. கீழிமை, மூக்கோரம், கன்னம், மேலுதடு இவற்றுக்கெல்லாம் தொடு உணர்வு தரும் நரம்பு அதன் வழியாகத்தான் வெளியே வருகிறது. அதற்கு முன் கண்குழியின் தரைக்குள்ளேயே ஒரு கால்வாயில் ஓடி, மேல் முன்பற்களுக்கும் கிளை விடுகிறது. கன்ன எலும்பு இடம் பெயரும்போது முறிவுக் கோடு பெரும்பாலும் இந்தக் கால்வாயை ஒட்டியே போகும், நரம்பு நசுங்கும். அந்தப் பக்க முன்பற்களை நகத்தால் தட்டிப் பாருங்கள், அங்கும் உணர்வு மந்தமாக இருக்கலாம்.

வாய் திறக்காததற்கும் இதே எலும்பு காரணமாக இருக்கலாம். கன்ன எலும்பிலிருந்து காதை நோக்கிப் போகும் மெல்லிய வளைவுக்கு உட்புறமாகத்தான் கீழ்த்தாடையின் மேல்முனை ஏறி இறங்குகிறது. வளைவு உள்ளே அமுங்கினால் தாடை அதில் முட்டி நின்றுவிடும்.

எக்ஸ்ரேயில் முக எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால் முறிவு தெரியாமல் போவது உண்டு. கன்னம் அமுங்கியிருந்தாலும் வீக்கம் அதை நிரப்பி மறைத்துவிடும். இப்போது வீக்கம் இல்லை. உங்களை உட்கார வைத்து, வீட்டில் ஒருவர் பின்னால் நின்று தலைக்கு மேலிருந்து இரு கன்னமேடுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். நேரே நின்று பார்த்தால் தெரியாத சரிவு அங்கிருந்து தெரியும்.

எப்படியிருந்தாலும் இந்த வாரமே சி.டி. ஸ்கேன் எடுத்து, முகத்தாடை அறுவைசிகிச்சை நிபுணரைப் பாருங்கள். அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் பிரிவு உண்டு. அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது: ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குள் என்றால் எலும்பைத் தூக்கி நிறுத்துவது எளிது. கூடிப்போன பிறகு மறுபடி வெட்டித்தான் சரிசெய்ய வேண்டும். இடம் பெயராத முறிவுக்கு அறுவைசிகிச்சையே தேவைப்படாது. பெயர்ந்திருந்தால், நெற்றிப்பொட்டில் முடிக்குள் சிறு கீறல் போட்டு நெம்புகோலை உள்ளே செலுத்தித் தூக்கும் முறை இருக்கிறது. 1927இல் அறுவைசிகிச்சை நிபுணர் ஹரால்ட் கில்லிஸ் குழுவினர் விவரித்தது, இன்றும் கைகொடுக்கிறது. எலும்பு நிலையாக நிற்காவிட்டால் டைட்டானியத் தகடு வைப்பார்கள்.

அதுவரை மூக்கைச் சிந்தவே சிந்தாதீர்கள். கண்குழியின் தரை மிக மெல்லியது. அதன் கீழே சைனஸ் காற்றறை. தரையில் விரிசல் இருந்தால் சிந்தும் காற்று கிருமியோடு கண்ணைச் சுற்றி ஏறிவிடும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். எண்ணெய் போட்டு உருவி விடுகிறேன் என்று யார் வந்தாலும் கன்னத்தைக் கொடுக்காதீர்கள்.

மேலே பார்க்கும்போது பொருள் இரண்டாகத் தெரிந்தால் மறுநாளே கண் மருத்துவரையும் பாருங்கள். பார்வை மங்கினாலோ, வலியோடு கண் பிதுங்கினாலோ அந்த நிமிடமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை: கண் சிவக்காமல் வெள்ளையாகவே இருக்கும், ஆனால் மேலே பார்க்க முடியாமல் வாந்தி எடுப்பார்கள். கண் தசை முறிவுக்குள் சிக்கியதன் அடையாளம் அது. தலைக்காய வாந்தி என்று மட்டும் எண்ணி நாள் கடத்தக் கூடாது.

மரத்த உதடு பலருக்கும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தெளியும். சிலருக்கு லேசான மதமதப்பு மிஞ்சுவதும் உண்டு. தெளியத் தொடங்கும்போது எறும்பு ஊர்வது போலக் குறுகுறுக்கும்; அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அதுவரை சூடான காபியை ஆற்றிக் குடியுங்கள், உதடு சுட்டாலும் தெரியாது.