மேனேஜரை ‘நோட்டோரியஸ்’ என்று பாராட்டலாமா?

கேள்வி: ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வு எழுதத் தயாராகிறேன். ஆட்களின் குணம், நடத்தை, அதிர்ஷ்டம் பற்றிய கஷ்டமான ஆங்கில வார்த்தைகள் 600 இருக்கிற ஒரு பிடிஎஃப்பைத் தமிழ் அர்த்தத்தோடு மனப்பாடம் செய்கிறேன். பத்து நாளில் பாதி மறந்துவிடுகிறது. ஞாபகம் இருப்பதையும் தப்பாகப் பேசுகிறேன். போன மாதம் எங்கள் மேனேஜரின் பிரிவுபசார விழாவில் “ஹார்ட் வொர்க்குக்கு நோட்டோரியஸ் ஆனவர்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நாலு பேர் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்? - ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

பதில்: நோட்டோரியஸ் என்றால் பேர் பெற்றவர்தான், ஆனால் கெட்ட பேர். நம் பேப்பரில் ‘பிரபல ரவுடி கைது’ என்று போடுவார்களே, அந்தப் பிரபலம். தமிழில் பாடகரும் பிரபலம், ரவுடியும் பிரபலம் என்பதால் உங்கள் பிடிஎஃப் ‘பிரபலமான’ என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டிருக்கும். தப்பு உங்களுடையது இல்லை, லிஸ்டுடையது.

நாற்காலி, மழை மாதிரி வார்த்தைகளுக்குத் தமிழ் அர்த்தம் தெரிந்தால் வேலை முடிந்தது. ஆளைப் பற்றிச் சொல்லும் வார்த்தைக்கு அது போதாது, ஏனென்றால் அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்பதோடு, சொல்கிறவருக்கு அவரைப் பிடிக்கிறதா இல்லையா என்பதும் அதிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1948-ல் பிபிசி வானொலியில் இதை வேடிக்கையாகச் சொன்னார்: நான் உறுதியானவன், நீ பிடிவாதக்காரன், அவன் பன்றித்தலை முட்டாள். ஆங்கிலத்தில் ஃபர்ம், அப்ஸ்டினட், பிக்ஹெடட். மூன்று பேரும் செய்வது ஒன்றுதான், பிடித்த பிடியை விட மாட்டேன் என்கிறார்கள்.

இது நமக்கொன்றும் புதிதில்லை. ஒரு விஷயத்தில் அசையாமல் நிற்பது பாட்டி என்றால் வைராக்கியம், மாமியார் என்றால் பிடிவாதம், குழந்தை என்றால் அடம், மாடு என்றால் முரண்டு, பக்கத்து வீட்டுக்காரர் என்றால் வீம்பு. இந்த வரிசையை யாரும் உங்களுக்கு லிஸ்ட் போட்டுச் சொல்லித் தரவில்லை. ஆங்கிலத்திலும் இதே மாதிரி ஒரு வரிசை இருக்கிறது, அதைத் தமிழ் வரிசையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரெசல்யூட் வைராக்கியத்துக்குக் கிட்டே வரும். டெனேஷியஸ் விடாப்பிடி, பெரும்பாலும் பாராட்டுத்தான். ஸ்டபர்ன் பிடிவாதம், ஆனாலும் அதைக் கொஞ்சம் செல்லமாகக்கூடச் சொல்லலாம். அப்ஸ்டினட்டில் அந்தச் செல்லம் கிடையாது. மியூலிஷ் கோவேறு கழுதையிலிருந்து வந்தது, நம் முரண்டுக்கு அச்சு அசல் ஜோடி. பண விஷயத்திலும் அப்படித்தான்: ஃப்ரூகல், த்ரிஃப்டி இரண்டும் சிக்கனம், ஸ்டிஞ்சி கஞ்சம், எச்சில் கையால் காக்கா ஓட்டாத ஆள் மைசர்.

அதனால் எந்தக் குண வார்த்தையையும் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அது பாராட்டா திட்டா என்பது. ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரியும் கேம்ப்ரிட்ஜ் டிக்‌ஷனரியும் இணையத்தில் இலவசம். இப்படிப்பட்ட பல வார்த்தைகளுக்குப் பக்கத்தில் ‘அப்ரூவிங்’ அல்லது ‘டிஸ்அப்ரூவிங்’ என்று சின்னதாகப் போட்டிருப்பார்கள். மாணவர்கள் தாண்டிப் போகிற அந்தச் சின்ன எழுத்துதான் உங்களுக்கு முக்கியம். நானே வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாணவனுக்குக் கொடுத்த பரிந்துரைக் கடிதத்தில் ‘சைல்டிஷ்’ உற்சாகம் உள்ளவன் என்று எழுதிக் கொடுத்தவன். குழந்தை மனசு என்று சொல்ல வேண்டுமானால் சைல்ட்லைக். சைல்டிஷ் என்றால் சிறுபிள்ளைத்தனம். அந்தப் பையன் எனக்கு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனான்.

அப்புறம், நாம் தினமும் பேசுகிற ஆங்கிலத்திலேயே சில கண்ணிகள் இருக்கின்றன. கல்யாண விளம்பரத்தில் ‘ஹோம்லி கேர்ள்’ கேட்கிறோம், குடும்பப் பாங்கான பெண் என்று நினைத்து. அமெரிக்கக்காரர் அதைப் படித்தால் அழகில்லாத பெண்தான் வேண்டும் என்று கேட்பதாக நினைப்பார். ‘ஹீ இஸ் எ சிம்பிள் மேன்’ என்பதும் ஆபத்து. எளிமையானவர் என்று நீங்கள் சொன்னது கேட்கிறவருக்கு மண்டையில் சரக்கில்லாதவர் என்று படலாம், அன்அஸ்யூமிங் என்றால் வம்பில்லை. இன்னொன்று அடமன்ட். நம் ஊரில் அடம் பிடிக்கிற குழந்தைக்கெல்லாம் ‘அடமன்ட் சைல்ட்’தான். அடமும் அடமன்ட்டும் ஒரே மாதிரி ஒலிப்பதால் நமக்கு அது சொந்தக்கார வார்த்தை மாதிரி ஆகிவிட்டது, ஆனால் உறவு ஒன்றும் இல்லை. அது உடைக்க முடியாதது என்ற பொருள்கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, டைமண்டும் அங்கிருந்து வந்ததுதான். ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு குறிப்பிட்ட விஷயத்தில்தான் அடமன்ட்டாக இருப்பார், பிறவிக் குணமாக இல்லை.

மறதிக்கு வருவோம். கதை இருக்கிற வார்த்தை மறக்காது. ஜாதகம் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு வசதி, ஏனென்றால் ஐரோப்பாக்காரர்களும் ஒரு காலத்தில் குணத்தைக் கிரகத்தில்தான் தேடினார்கள். நாம் சாதாரணமாகச் சொல்கிற ‘ஜோவியல் டைப்’பில் இருப்பது ஜோவ், அதாவது ஜூபிடர், நம் வியாழன். குரு பார்வை உள்ளவர் கலகலப்பாக இருப்பார். சாட்டர்னைன் என்றால் சனி, எப்போதும் இருண்ட முகம். மெர்க்யூரியல் என்றால் புதன், இப்போது ஒரு மூட், அரை மணியில் வேறு மூட். டிசாஸ்டரில்கூட நட்சத்திரம் இருக்கிறது: கெட்ட நட்சத்திரம், ‘நேரம் சரியில்லை’ என்கிறோமே அதுதான். ஜாதகம் பிடிக்காதவர்களுக்கு மருத்துவம். நமக்கு வாதம், பித்தம், கபம் மாதிரி கிரேக்கர்களுக்கு ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கருப்புப் பித்தம் என்று நாலு. அதிலிருந்து வந்தவைதான் நம்பிக்கையோடு இருக்கிற சாங்வின், எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஃப்ளெக்மாட்டிக், சட்டென்று எரிந்துவிழுகிற காலரிக், சோகமான மெலங்காலிக்.

அதிர்ஷ்டத்துக்கும் இப்படி ஒரு குடும்பம் உண்டு. ‘ஹேப்’ என்பது இடைக்கால ஆங்கிலத்தில் அதிர்ஷ்டம், தற்செயல். அதன் பிள்ளைகள்தான் ஹேப்பி, ஹேப்பன், பெர்ஹேப்ஸ், சின்ன விபத்தான மிஸ்ஹேப், பாவப்பட்டவரான ஹேப்லஸ். ஹேப்லஸை ஹோப்லஸோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒருவருக்கு அதிர்ஷ்டம் இல்லை, இன்னொருவருக்கு நம்பிக்கையே இல்லை. இங்கேயும் அதே பாராட்டு, திட்டு விவகாரம் உண்டு. நண்பர் ஜெயித்ததை ‘ஃப்ளூக்’ என்று சொன்னால் அது குருட்டு அதிர்ஷ்டம், திறமை இல்லை என்று மூஞ்சிக்கு நேரே சொல்வது. நல்ல பெற்றோர் கிடைத்ததைச் சொல்ல லக்கியைவிட ஃபார்ச்சுனேட் கனமானது. கேரளா லாட்டரியில் பணம் விழுந்தால் விண்ட்ஃபால், அதாவது காற்றில் தானாக உதிர்ந்த பழம். அதைப் போய் செரண்டிபிட்டி என்கிறார்கள், இல்லை. 1754-ல் ஆங்கில எழுத்தாளர் ஹொரஸ் வால்போல் ஒரு கடிதத்தில் உண்டாக்கிய வார்த்தை அது, செரண்டிப் நாட்டு மூன்று இளவரசர்கள் கதையை வைத்து. செரண்டிப் என்பது இலங்கையின் பழைய பெயர். இளவரசர்கள் தேடாததையெல்லாம் கண்டுபிடித்தார்கள், ஆனால் தற்செயலோடு அவர்களுடைய கூர்மையும் சேர்ந்துதான். லாட்டரிச் சீட்டு வாங்க என்ன கூர்மை வேண்டும்?

சரி, நடைமுறைக்கு. 600-ஐத் தூக்கிப் போட்டுவிட்டு 120 எடுத்துக்கொள்ளுங்கள், வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன அட்டை; பின்பக்கம் தமிழ் அர்த்தத்துக்குப் பதிலாக உங்களுக்குத் தெரிந்த ஒரு ஆளையும் அவர் செய்த ஒரு காரியத்தையும் எழுதுங்கள். ஸ்டிஞ்சி: பெரியப்பா, கல்யாணத்தில் 51 ரூபாய் மொய். (அட்டைகளைப் பூட்டி வையுங்கள்.) அந்த வார்த்தை யாரோடு சேர்ந்து வரும் என்பதையும் எழுதுங்கள்: பொய்யனுக்குப் பேத்தலாஜிக்கல், ஆதரவாளருக்கு ஸ்டான்ச், அதிர்ஷ்டத்துக்கு ஷியர் அல்லது ஸ்ட்ரோக் ஆஃப். தனியாகப் படித்த வார்த்தை பேசும்போது தனியாகவே நிற்கும், வாக்கியத்தில் உட்காராது. மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், இரண்டு வாரம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே அட்டையைத் திரும்ப எடுங்கள். படித்தது முதல் ஒரு நாளுக்குள்தான் மிக வேகமாகக் கழன்று போகிறது என்று 1885-லேயே ஜெர்மன் உளவியல் அறிஞர் எப்பிங்ஹவுஸ் தன்னைத்தானே சோதித்துக் காட்டிவிட்டார். அட்டை பிடிக்காவிட்டால் கம்ப்யூட்டரில் ஆங்கி என்ற அட்டை மென்பொருள் இருக்கிறது, இடைவெளிக் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும்.

தேர்வைப் பொறுத்தவரை பயப்பட வேண்டாம். ஸ்பீக்கிங்கில் வார்த்தை வளம் என்பது நாலு அளவுகோலில் ஒன்று, கால் பங்கு மதிப்பெண். ஒன்பதுக்கு ஏழு, அதாவது பேண்ட் 7-க்கு அவர்கள் கேட்பது அதிகம் புழங்காத சில வார்த்தைகள், எது எதோடு சேரும் என்ற உணர்வு. அங்கங்கே தவறினாலும் பரவாயில்லை என்று அவர்களுடைய விளக்கத்திலேயே இருக்கிறது. இரண்டாம் பகுதியில் ஒரு ஆளைப் பற்றிப் பேசச் சொல்வது சகஜம், யோசிக்க ஒரு நிமிடம், பேச இரண்டு நிமிடம் வரை. அந்த இரண்டு நிமிடத்தில் மூன்று நல்ல வார்த்தை சரியான இடத்தில் விழுந்தால் போதும். இருபது விழுந்தால் ஒப்பிக்கிறீர்கள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

மேனேஜரைப் பற்றி நீங்கள் சொல்ல நினைத்த வார்த்தை நோட்டட். ‘நோட்டட் ஃபார் ஹிஸ் ஹார்ட் வொர்க்’ என்று ஒரு வாட்ஸ்அப் போட்டுவிடுங்கள், கூடவே ஒரு ஸாரியும்.