கூத்துக் காணொளியும் பார்ப்போரின் தனியுரிமையும்

கேள்வி: எங்கள் ஊரின் வயதான அண்ணாவிமார் பாடிக்காட்டிய கோவலன் கூத்துப் பாடல்களைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்திருக்கிறேன். அவற்றை என் சொந்த இணையத்தளத்தில் இட விரும்புகிறேன். யூரியூப்பில் ஏற்றி இணைத்தால் பார்ப்பவர்களின் விவரம் கூகுளுக்குப் போகும் என்கிறார்கள். வேறு வழி உண்டா?
– வாசகர், முள்ளியவளை

பதில்: அவர்கள் சொல்வது சரிதான். யூரியூப் காணொளியை வழமையான முறையில் பக்கத்தில் பதித்தால், வாசகர் அதை இயக்காவிட்டாலும், பக்கம் திறந்தவுடனேயே அவருடைய ஐ.பி. முகவரி (இணையத்தில் அவரது இணைப்பை அடையாளம் காட்டும் எண்) கூகுளின் வழங்கிகளுக்குத் தெரிந்துவிடும். ‘யூரியூப்-நோகுக்கி’ என்ற முகவரியால் இது தீர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் பெயரும் அப்படித்தான் நம்பவைக்கிறது. குக்கிகள் (உலாவியில் தளங்கள் சேமித்துவைக்கும் சிறு அடையாளத் தரவுகள்) குறையுமே தவிர, கூகுளுடனான தொடர்பு அறுவதில்லை.

உங்கள் தேவைக்குக் கோப்பை உங்கள் தளத்திலேயே வைப்பதுதான் பொருத்தம் என்பேன். எம்பி4 கோப்பை இன்றைய உலாவிகள் வேறு மென்பொருள் இல்லாமலே ஓட்டும். விநாடிக்கு 1 மெகாபிற் அளவுக்குச் சுருக்கிய 5 நிமிடக் காணொளி ஏறத்தாழ 38 மெகாபைற் வரும். 100 பேர் முழுவதும் பார்த்தாலும் 4 கிகாபைற்றுக்குள் அடங்கும். ஒருவர் அமர்ந்து பாடும் காட்சிக்கு அந்தத் தரம் தாராளம். காணொளியைப் பக்கத்தில் இணைக்கும் குறிமுறையில் ‘பிரீலோட்’ (preload) என்பதை ‘நன்’ (none) என்று அமைத்துவிட்டால், அழுத்தும்வரை காணொளி இறங்காது. தொலைபேசிக்கு ரீலோட் போட்டுப் பார்ப்பவர்களின் டேட்டாவும் வீணாகாது.

இந்த வழியில் ஓர் ஆபத்தும் உண்டு. பல கைத்தொலைபேசிகள் படம்பிடித்த இடத்தின் அமைவைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கின்றன. அதை அப்படியே தளத்தில் இட்டால், தரவிறக்கும் எவரும் அந்த அண்ணாவியாரின் வீட்டுப் படலைவரை வந்துவிடலாம். ஆகவே, எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவச மென்பொருளால் சுருக்கும்போதே, கோப்பில் ஒட்டியிருக்கும் அந்த விவரங்களையும் நீக்கிவிடுங்கள். இனிமேல் பதிவு செய்வதற்கு முன் கமெராவின் இட அமைவை நிறுத்திவையுங்கள்.

பார்ப்போர் பெருகினால், பிரான்சின் ஃபிரமாசொஃப்ற் அமைப்பு உருவாக்கிய பியர்ரியூப் என்னும் காணொளித் தள மென்பொருளைப் பயன்படுத்தலாம். ஆனால் அதில் பார்ப்பவர்களே காணொளித் துண்டுகளைத் தமக்குள் பகிர்வதால், ஒருவருடைய ஐ.பி. முகவரி மற்றவருக்குத் தெரியவரும். அந்த வசதியை நிறுத்திவைக்க முடியும்.

உங்கள் சொந்த வழங்கியும் வழமையாக வருவோரின் ஐ.பி. முகவரிகளைப் பதிவேட்டில் குறித்துவைக்கும். அவை எத்தனை நாள் வைக்கப்படுகின்றன என்பதைச் சேவை வழங்குநரிடம் கேட்டு, இயன்றளவு குறைக்கச் சொல்லுங்கள்.