முத்து கேள்வி பதில்: முதலில் துளையைப் பாருங்கள்

இயற்கை முத்து, வளர்ப்பு முத்து, போலி என்று பிரித்துப் பார்ப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். விலை மட்டும் கேட்காதீர்கள், படத்தைப் பார்த்து விலை சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

கேள்வி: பல்லில் தேய்த்தேன், நறநறவென்று இருக்கிறது. அப்போ இது இயற்கை முத்துதானே சார்?

போலி இல்லை, அவ்வளவுதான் தெரியும். நறநறப்பு சிப்பி சுரந்த முத்துப் படலத்தினுடையது. வளர்ப்பு முத்தின் மேலும் அதே படலம்தான் இருக்கிறது. இயற்கையா வளர்ப்பா என்று பல்லால் சொல்ல முடியாது. தவிர, முத்து மென்மையான பொருள், அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும். அதற்குப் பதில் துளையைப் பாருங்கள்.

கேள்வி: துளையில் என்ன பார்ப்பது? எனக்கு வெறும் ஓட்டைதான் தெரிகிறது.

நல்ல கேள்வி. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல வெளிச்சத்தில் நூலைச் சற்று ஒதுக்கிவிட்டு, துளையின் விளிம்பையும் உள்சுவரையும் பாருங்கள்.

போலியில் விளிம்பில் பூச்சு பெயர்ந்திருக்கும், அல்லது சுருண்டு உதடுபோல் தூக்கி நிற்கும். உள்ளே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ தெரியும்.

சிப்பிக்குள் ஒரு மணியைக் கருவாக வைத்து வளர்த்த முத்தில் விளிம்புக்குச் சற்றுக் கீழே உள்சுவரைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடும். பெரும்பாலும் பழுப்பாக இருக்கும். கோட்டுக்கு மேலே உள்ளதுதான் முத்துப் படலம். கீழே இருப்பது நன்னீர் மட்டியின் ஓட்டிலிருந்து உருட்டிய மணி. வழக்கமாக அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து மட்டி ஓடு. அந்தக் கோடு விளிம்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு மெல்லிய படலம். மலிவான அகோயா (ஜப்பானியக் கடல் வளர்ப்பு முத்து) சரங்களில் படலம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அப்படிப்பட்ட முத்தை விளக்கடியில் மெல்ல உருட்டினால், உள்ளே இருக்கும் ஓட்டு மணியின் வரிகள் பளிச்சென்று வந்து மறையும்.

இயற்கை முத்தில் அந்தத் திடீர் எல்லை இல்லை. வெங்காயம் போலப் படலத்துக்குள் படலமாக நடுவரை வளையங்கள் போகும். துளையும் பெரும்பாலும் மிகச் சிறிதாக இருக்கும். காரணம் சுவாரசியமானது: இயற்கை முத்தை எடைக்கு விற்றார்கள், அதுவும் எடையின் வர்க்கத்தைக் கொண்டு கணக்குப் போட்டு. எடை இருமடங்கானால் விலை நான்கு மடங்கு. இப்படிப்பட்ட கணக்கில் யார் பெரிய துளை போட்டு எடையை இழப்பார்கள்?

ஒரு எச்சரிக்கை. சீன நன்னீர் முத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு மணிக்கரு கிடையாது. மட்டிக்குள் சதைத் துண்டு மட்டும் வைத்து வளர்க்கிறார்கள். எனவே கோடு தெரியாது. கோடு இல்லை என்பதால் இயற்கை என்று முடிவுகட்டாதீர்கள். அதை எக்ஸ்ரேதான் சொல்ல வேண்டும்.

கேள்வி: வினிகரில் போட்டுச் சோதிக்கலாமா?

போடலாம். அசல்தான் என்று உறுதியாகும்போது முத்து பாழாகியிருக்கும்.

கேள்வி: 5 மி.மீ. கறுப்பு முத்துச் சரம். எல்லாம் ஒரே கறுப்பு. நூலும் லேசாகக் கறுத்திருக்கிறது. அசல் கறுப்புதானா?

சாயம். சாயமில்லாமலே கறுப்பாக வரும் தஹிதி முத்து பொதுவாக 8 மி.மீ.க்கு மேல்தான் வரும். பச்சை, சாம்பல், மயில்கழுத்து என்று முத்துக்கு முத்து நிறம் மாறும். மறுபடியும் துளைதான்: சாயம் அங்கேயும் சின்னக் குழிகளிலும் தேங்கி நிற்கும்.

கேள்வி: 'ஏஏஏ' தரம் என்று போட்டிருக்கிறது, நம்பலாமா?

அது கடைக்காரர் கொடுக்கும் மார்க். உலகப் பொது அளவுகோல் எதுவும் இல்லை. ஒருவரின் 'ஏஏஏ' இன்னொருவரின் 'ஏ'. அமெரிக்காவின் ஜிஐஏ ரத்தின ஆய்வகம் ஏழு விஷயங்களைப் பார்க்கிறது: அளவு, வடிவம், நிறம், நீரோட்டம் (அதாவது பளபளப்பு), மேற்பரப்பு, படலத்தின் தரம், முத்துகளின் பொருத்தம். நீங்கள் முதலில் நீரோட்டத்தைப் பாருங்கள். விளக்கின் பிம்பம் முத்தின் மேல் கூர்மையாக விழுகிறதா, கலங்கலாக விழுகிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

கேள்வி: கேஷி முத்தில் கருவே இல்லை. சிப்பி தானாக உண்டாக்கியது. அப்படியானால் இயற்கை முத்துதானே?

இல்லை. பண்ணையில் சிப்பியைத் திறந்து, மணியோடு வேறொரு சிப்பியின் சதைத் துண்டையும் வைக்கிறார்கள். சில சிப்பிகள் மணியைத் துப்பிவிடும், சதை மட்டும் உள்ளே தங்கிப் பையாகி முத்தைச் சுரக்கும். முழுக்கப் படலம் என்பதால் நீரோட்டம் அபாரமாக இருக்கும். ஆனால் தொடக்கம் மனிதன் கத்தியில்தான். சிப்ஜோ என்ற உலக நகைத்தொழில் கூட்டமைப்பின் விதிப்படியும் அது வளர்ப்பு முத்து.

அதே நபர்: ஆனால் யாரும் அதை உண்டாக்க நினைக்கவில்லையே! தற்செயலாக வந்ததை வளர்ப்பு என்று எப்படிச் சொல்வீர்கள்?

நினைத்தாரா என்பதை வைத்துப் பிரிக்க ஆரம்பித்தால், நாளைக்கு எல்லாரும் "நான் நினைக்கவில்லை" என்பார்கள். சதைத் துண்டு வைத்தார்களா என்பதுதான் கேள்வி. வைத்தார்கள்.

இன்னொருவர்: சரி, பண்ணைச் சிப்பிதான், ஆனால் கத்தியே படவில்லை. அதில் தானாக முத்து வந்தால்?

இது உண்மையிலேயே கஷ்டமான கேள்வி. உருவான விதத்தில் அது இயற்கை. ஆனால் கத்தி படவில்லை என்று யார் சாட்சி சொல்வது? ஆய்வகம் உள்ளமைப்பைத்தான் பார்க்க முடியும். ஆஸ்திரேலியப் பக்கத்துத் தென்கடல் (சவுத் சீ) முத்துகளைத் தரும் பெரிய சிப்பி இனத்தில், கருவில்லாத வளர்ப்பு முத்தையும் இயற்கை முத்தையும் நுண் எக்ஸ்ரே முப்பரிமாணப் படத்தில்கூடப் பிரிப்பது சிரமம். அதனால்தான் வாங்குபவர் பக்கமாக நின்று சொல்கிறேன்: சந்தேகம் இருந்தால் இயற்கை விலை கொடுக்காதீர்கள்.

முதல் நபர்: அப்படியென்றால் ஆய்வகத்துக்கே தெரியாது என்று ஒப்புக்கொள்கிறீர்கள்!

சில முத்துகளில் சிரமம் என்றேன், எல்லாவற்றிலும் இல்லை. மணிக்கரு வைத்தது எக்ஸ்ரேயில் சுலபமாகத் தெரியும். கேஷியைக் கேஷி என்றே, கேஷி விலைக்கே வாங்குங்கள், அழகான பொருள். இந்தப் பேச்சு இத்தோடு போதும்.

கேள்வி: கொள்ளுப்பாட்டி காலத்துச் சரம். பழசு என்பதால் இயற்கைதானே?

பழமை சாட்சி ஆகாது. ஜப்பானில் மிகிமோட்டோ 1893-ல் அரைவட்ட முத்து வளர்த்துவிட்டார். 1920களில் உருண்டை வளர்ப்பு முத்து ஐரோப்பியச் சந்தைக்கே வந்து, வணிகர்களுக்குள் பெரிய சண்டை நடந்தது. மீன் செதில் பசை பூசிய கண்ணாடி முத்து இன்னும் பழசு, 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது.

அந்த வளர்ப்பு முத்து, இயற்கை முத்தின் விலையை என்ன செய்தது தெரியுமா? 1917-ல் கார்ட்டியர் நிறுவனம் நியூயார்க்கில் ஒரு மாளிகையை வாங்க, இரட்டைச் சர இயற்கை முத்து மாலையையும் 100 டாலரையும் கொடுத்தது. மாலையின் அன்றைய மதிப்பு 10 லட்சம் டாலர். 1957-ல் அதே மாலை ஏலத்தில் சுமார் ஒன்றரை லட்சத்துக்குப் போனது. அப்புறம் இயற்கை முத்துக்கு மறுபடியும் கிராக்கி வந்துவிட்டது. 2018-ல் பிரெஞ்சு அரசி மேரி அன்டோனெட்டின் முத்துப் பதக்கம் 3.6 கோடி டாலருக்கு விற்றது. அந்த விலையைக் காட்டி ஆசை மூட்டுபவர்கள் ஏராளம். ஆய்வக அறிக்கை இல்லாமல் 'இயற்கை' என்ற சொல்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நன்னீர் முத்து இவ்வளவு மலிவாக இருக்கிறதே, போலியா?

அசல் முத்து. ஒரே மட்டியில் பல முத்துகள் வளர்ப்பதால் மலிவு. முதல்முறை வாங்குபவருக்கு நான் சொல்வதும் இதைத்தான்.

கேள்வி: மல்லோர்க்கா முத்து, ஷெல் முத்து?

இரண்டும் போலி. போலி என்று தெரிந்தே வாங்கினால் தப்பில்லை.

கேள்வி: பல்லில் தேய்த்தால் வழவழவென்று...

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: என் முத்தும் நறநறக்கிறது, இயற்கைதானே அண்ணா?

முதல் பதில் தம்பி. முதல் பதில்!

கேள்வி: மரகதம் பற்றியும் சொல்லுங்களேன்.

என் துறை இல்லை. ரத்தினக் கல் பார்ப்பவரைக் கேளுங்கள்.

கேள்வி: ஆய்வகத்துக்கு அனுப்ப மாலையைப் பிரிக்க வேண்டுமா? எக்ஸ்ரே முத்தைக் கெடுக்குமா?

பொதுவாகப் பிரிக்க வேண்டாம், சரமாகவே எக்ஸ்ரே எடுப்பார்கள். சோதனைக்கான அளவில் முத்துக்குக் கெடுதல் இல்லை. அறிக்கை வந்ததும் முடிவு வரியோடு நிறுத்தாதீர்கள். எத்தனை முத்துகளைச் சோதித்தார்கள் என்பதையும் படியுங்கள். பழைய இயற்கைச் சரத்தில் தொலைந்த முத்துக்குப் பதில் வளர்ப்பு முத்தைக் கோத்திருப்பார்கள், நாலைந்தை மட்டும் பார்த்தால் அது தப்பிவிடும். எடை, எண்ணிக்கை, படம் மூன்றும் உங்கள் கையில் உள்ள சரத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.